நூற்றில் எண்பது பேரைத் தாண்டு

பர்சன்டைல் வேறு, பர்சன்டேஜ் வேறு. இதை முதலில் சொல்லிவிட வேண்டியிருக்கிறது. ஏனென்றால் 'கேட்ல பொண்ணு 80 வாங்கிட்டா' என்று சந்தோஷப்படும் பல அப்பாக்கள் அதை நூற்றுக்கு எண்பது மார்க் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 80 பர்சன்டைல் என்றால், எழுதியவர்களில் நூற்றுக்கு எண்பது பேர் அவளுக்குப் பின்னால் நிற்கிறார்கள். அவ்வளவுதான். அவளுக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும் என்று அந்த எண் சொல்லாது.

ஐ.ஐ.எம்.களுக்கான கேட் பரீட்சையில் 2015-லிருந்து மூன்று பிரிவுகள். ஆங்கிலம், டேட்டாவும் லாஜிக்கும் கலந்த புதிர்கள், கணக்கு. 2020-லிருந்து பிரிவுக்கு நாற்பது நிமிஷம். ஒன்றில் மிச்சம் பிடித்த நேரத்தை இன்னொன்றில் செலவழிக்க முடியாது. சரியான விடைக்கு மூன்று மார்க், கொடுத்த விடைகளில் தப்பானதை டிக் அடித்தால் ஒன்று கழியும். கிட்டத்தட்ட மூன்று லட்சம் பேர் எழுதுகிறார்கள்.

என் வழக்கு இதோடு இல்லை. மார்க் வந்த பிறகு நடப்பதோடுதான். பெங்களூர் ஐ.ஐ.எம். பல ஆண்டுகள் வெளியிட்ட விதி இது: பொதுப் பிரிவு மாணவருக்கு மொத்தத்தில் 85 பர்சன்டைல் வேண்டும். தவிர, ஆங்கிலத்தில் 80, புதிரில் 75, கணக்கில் 75 என்று தனித்தனியாகவும் தாண்ட வேண்டும். இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்குக் குறைந்த கோடுகள். எண்கள் மாறினாலும் மற்ற ஐ.ஐ.எம்.களிலும் இதே ஜாதி ஏற்பாடுதான். ஒளித்து வைக்காமல் பகிரங்கமாக அச்சிடுகிறார்கள், அதற்கு ஒரு ஷொட்டு.

கற்பனையாக இரண்டு பேரை வைத்துக்கொள்வோம். முதலாமவள் கணக்கில் 99, புதிரில் 99, ஆங்கிலத்தில் 74. கூட்டிப் பார்த்தால் மொத்தத்தில் 99-ஐக்கூடத் தொட்டுவிட முடியும். இரண்டாமவன் மூன்றிலும் எண்பதைச் சுற்றி, மொத்தம் 86. விதிப்படி அவள் வாசலிலேயே அவுட், அவன் உள்ளே. உள்ளே என்றால் சீட் கிடைத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அதற்கப்புறம் பத்தாவது, பன்னிரண்டாவது மார்க், டிகிரி, வேலை அனுபவம் எல்லாம் சேர்த்து ஒரு வரிசை போடுவார்கள். அதில் 86-க்கு இன்டர்வியூ கடிதம் வருவது ரொம்பக் கஷ்டம். ஆக அந்தக் கோட்டால் அவனுக்கு லாபம் ஏதும் இல்லை, அவளுக்குத்தான் நஷ்டம். கோடு யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை, கழிக்க மட்டும் தெரியும்.

ஐ.ஐ.எம். தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. மேனேஜ்மென்ட் வகுப்பில் ராத்திரியோடு ராத்திரியாக முப்பது பக்கம் கேஸ் படித்துவிட்டுக் காலையில் விவாதிக்க வேண்டும், ஆங்கிலத்தில். அது வராதவரைச் சேர்த்துக்கொண்டால் பாவம், அவருக்குத்தான் கஷ்டம். கணக்கில் புலியான இன்ஜினீயர்கள் மட்டுமே வகுப்பை நிரப்பாமல் இருக்கவும் ஆங்கிலக் கோடு உதவுகிறது என்பார்கள். இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கேஸ் படிக்க ஒரு அளவு ஆங்கிலம் வேண்டும் என்றால், வைக்க வேண்டியது அளவுகோல். இவர்கள் வைத்திருப்பது க்யூ. நாளைக்கே நாட்டில் எல்லாருக்கும் ஆங்கிலம் பிரமாதமாக வந்துவிட்டாலும் ஐந்தில் நாலு பேர் 80-க்குக் கீழேதான் நிற்பார்கள். எல்லாரும் மோசமாக எழுதினாலும் ஐந்தில் ஒருவர் 'தேறிவிடுவார்'. ஐ.இ.எல்.டி.எஸ்.ஸைப் பாருங்கள். பல வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் மொத்தத்தில் 7, எந்தப் பிரிவிலும் 6.5-க்குக் குறையக் கூடாது என்கிற மாதிரி கேட்கின்றன. அதுவும் தனித்தனிக் கோடுதான், ஆனால் பக்கத்து நாற்காலிக்காரர் எப்படி எழுதினார் என்பது அதில் வராது.

புதிர்ப் பிரிவில் கூத்து இன்னும் ஜாஸ்தி. 2022-லும் 2023-லும் அதில் மொத்தம் இருபதே கேள்விகள், நான்கு செட், செட்டுக்கு ஐந்து. ஒரு செட்டின் முடிச்சு அவிழ்ந்தால் பதினைந்து மார்க், அவிழாவிட்டால் பெரும்பாலும் பூஜ்யம். இரண்டு செட் முழுசாகப் போட்டவர் உச்சாணிக்குப் போய்விடுவார். அன்றைக்குக் காலையில் தப்பான செட்டை முதலில் எடுத்தவர் 75-க்குக் கீழே. போதாததற்கு ஒரே நாளில் மூன்று வேளை, மூன்று வேறு கேள்வித்தாள். அவற்றைச் சமன் செய்யப் புள்ளிவிவரக் கணக்கு. இத்தனை கை மாறி வரும் 74.9-க்கும் 75-க்கும் நடுவில் ஒரு வாழ்க்கையை வைக்கிறார்கள்.

அமெரிக்க பிசினஸ் ஸ்கூல்களின் ஜிமேட்டிலும் இந்தத் தலைவலி உண்டு. பழைய ஜிமேட்டின் கடைசி ஆண்டுகளில் கணக்கில் 51-க்கு 49 வாங்கியவர் பர்சன்டைலில் 75-க்குப் பக்கத்தில்தான் இருந்தார். ஆங்கிலத்தில் 45 எடுத்தாலே 99! ஆசியாவிலிருந்து கணக்குப் பிள்ளைகள் வந்து குவிந்ததில் 49-இன் மவுசு போய்விட்டது. 49 வாங்கத் தெரிய வேண்டிய கணக்கு அதேதான். மொத்த ஸ்கோரில் முப்பது நாற்பது பாயின்ட் முன்னே பின்னே இருக்கலாம் என்று நடத்துகிறவர்களே சொல்லி வந்தார்கள். 2023 நவம்பரில் வந்த புது ஜிமேட் கணக்கு, ஆங்கிலம், டேட்டா மூன்றுக்கும் சம எடை கொடுத்தது. சமனில்லாத ஸ்கோரை அங்கே பொதுவாக ஃபைலோடு சேர்த்துப் படிக்கிறார்கள். கணக்கு குறைவா, காலேஜில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்ன மார்க், வேலையில் எண்களோடு பழகினாரா என்று பார்க்கிறார்கள். மூன்று லட்சம் ஃபைலை அப்படிப் படிக்க முடியாது, சரி. மொத்தத்தில் 99 வாங்கியவர்கள் மூவாயிரம் பேர்தானே? அவர்களில் ஒரு பிரிவில் மட்டும் சறுக்கியவர்களின் ஃபைலையாவது திறக்கலாமே.

நம் கற்பனைப் பெண் அடுத்த நவம்பரில் மறுபடி எழுதலாம். எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுத அனுமதி உண்டு, பணம் மட்டும் புதுசாகக் கட்ட வேண்டும். இந்த வருஷத்துக் கணக்கு 99 அப்போது செல்லாது, அதையும் திரும்ப வாங்கியாக வேண்டும்.