ரயில் போனது, பொன்மலை கிடைத்தது

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் திருச்சிக்காரர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. வெள்ளிக்கிழமை வேலை முடித்து விமானம் ஏறினால் நாலு மணி நேரத்தில் ஊர். திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டால் சனியும் ஞாயிறும் முழுசாக நம்முடையவை. இந்த முறை நண்பர்கள் இருவரைக் கூட்டிக்கொண்டு பொன்மலையில் உள்ள பாட்டி வீட்டுக்குப் போனேன். ஒருவர் யீஷூனில் பிறந்து வளர்ந்த தமிழர். திருச்சியைத் தாத்தா சொன்ன கதையாக மட்டுமே அறிந்தவர். இன்னொருவர் தோ பாயோவைச் சேர்ந்த சீன நண்பர். போட்ட திட்டத்தில் பாதிகூட நடக்கவில்லை. ஆனால் இதைவிட நல்ல வார இறுதி எனக்கு வாய்த்ததே இல்லை என்று அடித்துச் சொல்வேன்.

முதல் கோளாறு விமான நிலையத்திலேயே. 2024-இல் திறந்த புது முனையத்தின் வண்ணங்களைச் சீன நண்பர் வாய் பிளந்து படம் பிடித்துக்கொண்டிருந்தார். அவருடைய பெட்டி மட்டும் வரவே இல்லை. மறுநாள் காலை நேராகத் தெப்பக்குளம் பக்கம் போய், என்.எஸ்.பி. சாலையில் ஒரு வேட்டியும் சட்டையும் வாங்கினோம். “ஒட்டிக்கிற வேட்டிதான், அவுறாது. தம்பிய பயப்படாம நடக்கச் சொல்லுங்க” என்று கடைக்காரர் தன் கையாலேயே கட்டிவிட்டார். அந்த வேட்டியோடு அவர் மலைக்கோட்டைப் படியேறிய அழகைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்! எதிரே இறங்கி வந்தவர்கள் எல்லாம் அவரைப் பார்த்துச் சிரித்துக் கும்பிட்டார்கள். உச்சிப்பிள்ளையார் சந்நிதிக்கு வெளியே நின்றால் ஒரு பக்கம் காவிரி, அதற்கப்பால் கொள்ளிடம், நடுவில் தென்னந்தோப்புகளோடு ஸ்ரீரங்கத் தீவு. அந்தக் காற்றுக்கே இன்னொரு முறை விமானம் ஏறலாம்.

மதியத்துக்கு மேல் ஸ்ரீரங்கம். பல நூற்றாண்டுகள் மொட்டையாக நின்று, 1987-இல் முழுமையான 236 அடி ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்தபடியே உள்ளே நுழைந்தோம். ஆர்யபடாள் வாசலுக்கு அப்பால் இந்துக்கள் அல்லாதோருக்கு அனுமதி இல்லை. சீன நண்பர், வெளியே காத்திருக்கிறேன், நிதானமாக வாருங்கள் என்று அனுப்பி வைத்தார். சனிக்கிழமைக் கூட்டம். பெருமாளைச் சேவித்துவிட்டு வெளியே வந்தால் ஆளைக் காணோம். போன் கிடைக்கவில்லை. ஏழு சுற்று உள்ள கோயிலில் ஒருவரை எங்கே போய்த் தேடுவது? யீஷூன் நண்பருக்கு வியர்த்துவிட்டது. கடைசியில் பூ விற்கும் அம்மா ஒருவர்தான் கை காட்டினார். “வேட்டி கட்டுன சீனாக்காரத் தம்பியா? குதிரை மண்டபத்துல உக்காந்திருக்கு.”

சேஷராயர் மண்டபம்! முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் குதிரைகள், மேலே வீரர்கள், கீழே அவர்கள் குத்திச் சாய்க்கும் விலங்குகள். கல் என்பதே மறந்துபோகும். நண்பர் ஒவ்வொரு தூணாக நின்று பார்த்து, காகிதத்தில் வரைந்தும் வைத்திருந்தார். எத்தனையோ முறை சேவித்துவிட்டு அவசரமாக வெளியேறிய கோயில் எனக்கு. அன்று அந்தக் குதிரைகளின் பல்லையும் கடிவாளத்தையும் அவர் காட்டித்தான் கண் நிறையப் பார்த்தேன். பிறகு சித்திரை வீதியில் குடித்த டிகிரி காபியைப் பற்றி எழுதத் தொடங்கினால் கட்டுரை இங்கேயே நின்றுவிடும்.

ஞாயிற்றுக்கிழமை பொன்மலை நிலையத்தில் பாசஞ்சர் பிடித்துத் தஞ்சாவூர் போவதாகத் திட்டம். கிளம்பும்போதே மழை. பாதி வழியில் ஆட்டோ படுத்துவிட்டது. நனைந்துகொண்டே ஓடினோம், பிளாட்பாரத்தில் காலை வைத்தபோது ரயிலின் கடைசிப் பெட்டிதான் கண்ணில் பட்டது. அந்த ரயிலுக்கு நான் ஆயுசுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். தஞ்சாவூர் எங்கே போய்விடப் போகிறது? ஆனால் ஞாயிறு தவறினால் பொன்மலைச் சந்தை இல்லை.

ரயில்வே ஊருக்கே உரிய சந்தை அது. தென்னிந்திய ரயில்வேயின் ஒர்க்‌ஷாப் 1920-களில் நாகப்பட்டினத்திலிருந்து இங்கே வந்ததும், மரங்கள் அடர்ந்த சாலைகளும் குவார்ட்டர்ஸ்களுமாக ஓர் ஊரே எழுந்தது. மழை விட்டதும் தார்ப்பாயை உதறிக் கடைகள் மறுபடி விரிந்தன. கீரைக்கட்டு, நாட்டுக்கோழி, கருவாடு, அரிவாள்மனை, பழைய ஸ்பானர். தேக்கா சந்தைக்குப் பழகிய யீஷூன் நண்பர் அந்தச் சேற்றில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு குழந்தை மாதிரி நடந்தார். முருங்கைக்காய்க்குப் பேரம் பேசி அவர் ஜெயித்தபோது அந்த அக்காவே கைதட்டினார், பிறகு கறிவேப்பிலையைச் சும்மா போட்டுக் கொடுத்தார்.

அங்கேதான் பாட்டி வீட்டுக்குப் பக்கத்து வீட்டு மாமாவைப் பார்த்தோம். ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். “ஊட்டி மலை ரயிலுக்குப் புது ஸ்டீம் இன்ஜினே செஞ்சு அனுப்பினோம்ப்பா, இங்கேருந்து” என்று சொன்னபோது அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் எந்த அருங்காட்சியகத்திலும் பார்த்ததில்லை. எங்களோடு கூடவே நடந்தபடி, 1946 செப்டம்பர் 5 அன்று போராடிய ரயில்வே தொழிலாளர்கள் மீது நடந்த துப்பாக்கிச்சூட்டையும், அதில் ஐந்து பேர் உயிர்விட்டதையும் சொன்னார். சீன நண்பருக்கு நான் வரி வரியாக மொழிபெயர்த்தேன். முடிந்ததும் அவர் மாமாவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

பெட்டி அன்று சாயங்காலம் வந்து சேர்ந்தது. அவர் வேட்டியை மாற்றவே இல்லை.

சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருந்து திருச்சிக்கு வருகிறவர்கள் தயவுசெய்து ஞாயிறு காலையைப் பொன்மலைக்கு ஒதுக்குங்கள். மத்தியப் பேருந்து நிலையத்திலிருந்தே டவுன் பஸ் இருக்கிறது. வெயில் ஏறுமுன் போங்கள், ஒரு துணிப்பை கொண்டுபோங்கள், ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த பெரியவர் யாராவது கண்ணில் பட்டால் பேச்சுக் கொடுங்கள்.