மருந்தின் விலையும் மருத்துவத்தின் விலையும்: பிபிலேயின் மருந்துக் கொள்கை பற்றிய ஒரு விமர்சன நோக்கு

பேராசிரியர் செனக பிபிலேயின் பெயர் செப்டெம்பர் மாத இறுதியில் நினைவுகூரப்படுவது வழக்கம். கண்டி திரித்துவக் கல்லூரியிற் பயின்று, இலங்கையின் முதலாவது மருந்தியற் பேராசிரியராகி, பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாகவும் கடமையாற்றிய அவர், 1977 செப்டெம்பர் 29ஆம் திகதி, ஐக்கிய நாடுகளின் பணியொன்றின்போது கயானாவிற் காலமானார். நினைவுக் கூட்டங்களில் அவருடைய இரு உருவங்களே பெரிதும் முன்வைக்கப்படுகின்றன. ஏழைகளுக்கு மலிவான மருந்து வழங்கிய மனிதாபிமானி என்பது ஒன்று. பல்தேசியக் கம்பனிகளை எதிர்த்து நின்ற வீரர் என்பது மற்றையது. இரண்டும் பொய்யல்ல. ஆயினும் மனிதாபிமானம் என்ற போர்வையில் அவரது சிந்தனையின் பொருளியல் உள்ளடக்கம் மறைந்துபோகின்றது. வீரவணக்கத்தில் அக்கொள்கையின் எல்லைகள் மறைந்துபோகின்றன. பேராதனை வளாகத்தின் மேலே எழும் ஹந்தானைச் சரிவுகளில் வாழும் தோட்டத் தொழிலாளரின் நிலையிலிருந்து நோக்குவோருக்கு இரண்டாவது மறைப்பே பாரதூரமானது.

முதலிற் பொருளியல் உள்ளடக்கத்தைக் கவனிப்போம் என்று கூறுவோர் பெரும்பாலும் கெனத் அரோ என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1963இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்தே தொடங்குவர். மருத்துவம் ஏனைய பண்டங்களைப் போன்று சந்தையில் வாங்கி விற்கத்தக்கதன்று என்பதற்கு அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று அறிவின் ஏற்றத்தாழ்வாகும். அரிசி வாங்குபவன் அரிசியை அறிவான். மருந்து வாங்குபவன் மருந்தை அறியான். மருந்தைத் தெரிவு செய்பவர் வைத்தியர், உட்கொள்பவர் நோயாளி, பணம் செலுத்துவது அரசோ குடும்பமோ ஆகும். தெரிவு செய்பவருக்கு விலை வலிப்பதில்லை. விலை வலிப்பவருக்குத் தெரிவு செய்யும் அறிவில்லை. இவ்விடைவெளியிலேதான் மருந்துக் கம்பனியின் விற்பனைப் பிரதிநிதி தமது தோற்பையுடன் வந்து நிற்கின்றார்.

அரோவின் கட்டுரை வெளிவருவதற்கு முன்னரே இலங்கையில் இவ்விடைவெளியை மூடும் முயற்சி ஆரம்பமாகியிருந்தது. அரச வைத்தியசாலைகளில் எவ்வெம் மருந்துகள் பயன்படுத்தப்படலாம் என்பதை வரையறுக்கும் மருந்துக் கோவைக்கான குழு 1950களின் இறுதியிலே பிபிலேயின் முயற்சியாற் செயற்படத் தொடங்கியது. ஒரே வேதிப்பொருள் பத்துப் பெயர்களில் விற்கப்படுமாயின் பத்தையும் வாங்கவேண்டியதில்லை; பொதுப்பெயரில் ஒன்றை வாங்கினாற் போதும். ஒரு நோய்க்கு நான்கு மருந்துகள் சமபயன் தருமாயின், அவற்றுள் விலை குறைந்ததே நாட்டுக்கு உகந்தது. இது கருணையிலிருந்து பிறந்த முடிவன்று. ஒப்பீட்டிலிருந்து பிறந்த முடிவு. இன்று சுகாதாரப் பொருளியல் என்ற பெயரில் பல்கலைக்கழகங்களிற் கற்பிக்கப்படும் துறையின் அரிச்சுவடி இதுவே எனலாம்.

1971இல் பிபிலேயும் பாராளுமன்ற உறுப்பினராயிருந்த வைத்திய கலாநிதி எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் சமர்ப்பித்த அறிக்கை, அரச வைத்தியசாலைகளுக்குள் நின்ற இக்கொள்கையைத் தனியார் சந்தைக்கும் விரித்தது. அதன்படி அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. பிபிலே அதன் முதலாவது தலைவரானார். இறக்குமதி படிப்படியாகக் கூட்டுத்தாபனத்தின் கையில் ஒன்றுகுவிக்கப்பட்டது. உலகளாவிய கேள்விப்பத்திரம் கோரி மொத்தமாகக் கொள்வனவு செய்தல், வணிகப்பெயர்களுக்குப் பதிலாகப் பொதுப்பெயர்களைப் புகுத்துதல், தனியார் சந்தையிலிருந்த ஏறத்தாழ 2,100 மருந்துகளை ஏறத்தாழ 600 ஆகக் குறைத்தல், வைத்தியர்களுக்குக் கம்பனி சாராத தகவல்களை வழங்குதல் என்பன அதன் பிரதான நடவடிக்கைகளாக அமைந்தன. விலைகள் வீழ்ந்தன.

விலைகள் ஏன் வீழ்ந்தன என்பதை விளங்கிக்கொள்ள அக்காலத்தில் பிரித்தானியாவில் வெளியான ஓர் உண்மை பெரிதும் உதவும். ரோஷ் கம்பனியின் லிப்ரியம், வாலியம் ஆகிய இரு மருந்துகள் பற்றி அந்நாட்டு ஏகபோக ஆணைக்குழு 1973இல் வெளியிட்ட அறிக்கையின்படி, தாய்க் கம்பனி தனது பிரித்தானியக் கிளைக்கு லிப்ரியத்தின் மூலப்பொருளைக் கிலோ ஒன்றுக்கு 370 பவுணுக்கும் வாலியத்தின் மூலப்பொருளை 922 பவுணுக்கும் வழங்கியது. அதே பொருட்கள் இத்தாலியில் முறையே 9 பவுணுக்கும் 20 பவுணுக்கும் கிடைத்தன. தேர்ந்த வைத்தியர்களும் பலம்பொருந்திய அரசும் உள்ள பிரித்தானியாவிலேயே நிலைமை இதுவாயின், சிறிய தீவொன்றின் இறக்குமதியாளர் என்ன விலை கொடுத்திருப்பர் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். மருந்தின் விலை அதன் உற்பத்திச் செலவைக் காட்டவில்லை. வாங்குபவரின் அறியாமையைக் காட்டியது.

எதிர்ப்பு எழுந்தமை வியப்பன்று. அமெரிக்க மருந்து உற்பத்தியாளர் சங்கம் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவுக்குக் கடிதம் எழுதியது. உள்நாட்டு வைத்தியர்களுள்ளும் ஒரு சாரார் பொதுப்பெயர் மருந்துகளின் தரம் குறித்து ஐயம் கிளப்பினர். இவ்வையத்தை முற்றிலும் கம்பனிகளின் சூழ்ச்சியெனத் தள்ளிவிடுவது நேர்மையாகாது; மலிவாக வாங்கும் அரசிடம் தரப் பரிசோதனைக்குரிய ஆற்றலும் இருந்தாகவேண்டும் என்ற வாதம் அன்றும் வலுவுடையது, இன்றும் வலுவுடையது. ஆயின் 1974இல் நிகழ்ந்தது வேறு வகைப்பட்டது. வாந்திபேதி பரவிய அவ்வேளையில் டெற்றாசைக்கிளின் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, கூட்டுத்தாபனம் ஹோக்ஸ்ட் கம்பனியிடமிருந்து பெற்றிருந்த மூலப்பொருளைக் குளிகைகளில் அடைத்துத் தருமாறு இலங்கையில் ஆலை வைத்திருந்த பைசர் கம்பனியைக் கேட்டது. பைசர் இணங்கவில்லை. ஆலையை அரசு பொறுப்பேற்பது பற்றிய பேச்செழுந்தபோது அமெரிக்கத் தூதுவர் தலையிட்டார். பொருளியலாளர் சஞ்சய லாலும் பிபிலேயும் இணைந்து 1977இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இச்சம்பவம் விரிவாகப் பதிவாகியுள்ளது. எந்த மருந்து சிறந்தது என்ற அறிவு மாத்திரம் போதாது. அதனை ஆக்கும் கருவி எவர் கையிலுள்ளது என்பதும் விலையைத் தீர்மானிக்கின்றது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று தேவையில்லை. இரத்மலானையில் அரச மருந்து உற்பத்தி ஆலை ஜப்பானிய உதவியுடன் அமைந்தது 1987இலேயாகும். அப்போது பிபிலே மறைந்து பத்து ஆண்டுகளாகிவிட்டன.

இதுவரை கூறியவை பெருமைக்குரியன. இனி விமர்சனம்.

இக்கொள்கையை அரசு ஏற்றுக்கொண்டதற்கு உந்துதலாயிருந்தது அந்நியச் செலாவணி நெருக்கடியேயாகும். எனவே வெற்றியின் அளவுகோலும் அந்நியச் செலாவணியாகவே அமைந்தது. எத்தனை டொலர் மிச்சமாயிற்று என்பது கணக்கிடப்பட்டது. எத்தனை நோயாளர் முன்னர் பெறாத மருந்தை இப்போது பெற்றனர் என்பது அதே அக்கறையுடன் கணக்கிடப்படவில்லை. மருந்தின் விலையைக் குறைக்கப் போராடிய அதே அரசு, 1951 முதல் இலவசமாயிருந்த அரச வைத்தியசாலைகளில் 1971இலே வெளிநோயாளரிடம் 25 சதக் கட்டணம் அறவிடத் தொடங்கியமை இம்முரண்பாட்டைத் தெளிவாகக் காட்டும். 25 சதம் அற்பத் தொகையென்று கொழும்பிலிருந்தோர் கருதியிருக்கலாம். எனினும் வெளிநோயாளர் வருகை குறிப்பிடத்தக்களவு குறைந்தது. 1977இல் அக்கட்டணம் நீக்கப்பட்டது. கொள்வனவாளன் என்ற வகையில் உலகச் சந்தையிலே கூர்மையாகக் கணக்கிட்ட அரசு, நோயாளியின் மடியிலுள்ள சில்லறையைக் கணக்கிடத் தவறியது.

மலையகத்தைப் பொறுத்தவரை இப்பிரச்சினை இன்னும் ஆழமானது. கொள்கையின் பார்வையில் மருந்து மக்களைச் சென்றடைய இரு வாயில்களே இருந்தன: ஒன்று அரச வைத்தியசாலை, மற்றது தனியார் மருந்துக்கடை. தோட்டம் இவ்விரண்டுக்கும் வெளியே கிடந்தது. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தொழிலாளரின் மருத்துவத்தைத் தோட்ட உடைமையாளரின் பொறுப்பாக்கியது. நாடு சுதந்திரமடைந்து, இலவச மருத்துவம் குடிமக்களின் உரிமையாகப் பேசப்பட்ட காலத்தில், 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் இம்மக்களின் பெரும்பாலோர் குடிமக்களாகவே இருக்கவில்லை. தோட்ட மருந்தகத்தில் எந்த மருந்து இருக்கவேண்டும், எவ்வளவு இருக்கவேண்டும் என்பது உர மூட்டையையும் கூரைத் தகரத்தையும் போலத் தோட்டக் கணக்கின் செலவுப் பத்தியிலே அடங்கியது. உடைமையாளருக்குச் செலவு, தொழிலாளிக்கு உயிர். இவ்விரண்டையும் ஒரே தராசில் வைக்கும் வேலையை மருந்துக் கோவை செய்யவில்லை.

பைசர் விவகாரம் நிகழ்ந்த அதே 1974இல் தோட்டங்களில் உணவுப் பற்றாக்குறையால் இறப்பு வீதம் கடுமையாக உயர்ந்தது. அரிசிப் பங்கீடு சுருங்கிற்று, மாவுக்குத் தட்டுப்பாடு, சொந்தமாகப் பயிரிட நிலமற்ற லயத்து மக்களுக்கு வேறு வழியிருக்கவில்லை. பசியால் நலிந்த உடலில் வயிற்றோட்டம் ஏற்படும்போது டெற்றாசைக்கிளின் கிலோவுக்கு எத்தனை டொலர் என்ற விவாதம் எவ்வளவு தொலைவிலிருந்து கேட்டிருக்கும்! இதற்காகப் பிபிலேயைக் குற்றஞ்சாட்டுவது பொருந்தாது. உணவுப் பங்கீடு மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டதன்று. ஆயினும் அவருடைய கொள்கையை முழுமையான சுகாதாரக் கொள்கையெனப் போற்றுவோர் இவ்விரு நிகழ்வுகளும் ஒரே ஆண்டில் ஒரே நாட்டில் நடந்தவை என்பதை அடுத்தடுத்து வைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

மேனாட்டுச் சுகாதாரப் பொருளியலின் பிற்கால வளர்ச்சி இக்குறையை நீக்கிவிட்டதாகக் கருதவும் இடமில்லை. 1999இல் பிரித்தானியாவில் நிறுவப்பட்ட நைஸ் என்ற அமைப்பு, ஒரு மருந்து அளிக்கும் நலமான ஆயுளாண்டு ஒன்றுக்கு எவ்வளவு செலவாகின்றது எனக் கணித்து, 20,000 முதல் 30,000 பவுண் வரையான எல்லையை நீண்டகாலம் கடைப்பிடித்தது. முறை நுட்பமானது, மறுப்பதற்கில்லை. ஆனால் அக்கணிப்பில் அடிப்படையாகக் கொள்ளப்படும் செலவு அரச சுகாதார, சமூகப் பராமரிப்புச் சேவைகளின் செலவேயாகும். நோயாளி இழக்கும் நாட்கூலி அதில் இடம்பெறுவதில்லை. நோயுற்ற நாளுக்கும் ஊதியம் பெறும் தொழிலாளர் நிறைந்த நாட்டில் இது பெருங்குறையாகத் தோன்றாமலிருக்கலாம். தெல்தோட்டையிலோ புசல்லாவையிலோ கொழுந்து பறிக்கும் பெண் கண்டி வைத்தியசாலைக்குச் செல்லும் நாளில் அவளுக்குப் ‘பேர்’ இல்லை. மருந்து இலவசமே, பேருந்துக் கட்டணம் இலவசமன்று, துணைக்கு வருபவரின் கூலியும் இலவசமன்று. வைத்தியசாலையில் மருந்து இல்லையென்று வெளியில் வாங்கும்படி துண்டெழுதிக் கொடுக்கப்படுமாயின் இலவசம் என்ற சொல்லே பொருளிழந்துவிடுகின்றது. இலங்கையில் அரசு சுகாதாரத்துக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 2 சதவீதமளவே. மருத்துவச் செலவின் கணிசமான பகுதியை மக்கள் தம் கையிலிருந்தே செலுத்துகின்றனர். ஒரே செலவாளியைக் கற்பனை செய்து அமைக்கப்பட்ட சூத்திரங்களை இத்தகைய நாட்டுக்கு அப்படியே பெயர்த்து நடுதல் தகாது.

1977இன் பின்னர் திறந்த பொருளாதாரக் கொள்கை தனியார் இறக்குமதிக்குக் கதவைத் திறந்தது. வணிகப்பெயர்கள் மீண்டும் பெருகின. விந்தையென்னவெனில், பிபிலே மறைந்து மூன்று வாரங்களே கழிந்த நிலையில், 1977 ஒக்டோபரில் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு கூடி அத்தியாவசிய மருந்துகளின் முதலாவது பட்டியலை வகுத்தது. 1982இல் வங்காளதேசம் அவ்வழியிற் சென்றது. உலகம் ஏற்றுக்கொள்ளத் தொடங்கிய வேளையில் இலங்கை கைவிட்டது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகார சபை நிறுவப்பட்டதும், 2016இல் 48 மருந்துகளுக்கு உச்ச விலை விதிக்கப்பட்டதும் பழைய கொள்கையின் மீட்சியாக வரவேற்கப்பட்டன. ஆனால் மீண்டது விலையைக் கட்டுப்படுத்தும் கை மாத்திரமே. 1971இன் அறிக்கையிலிருந்த ஒன்றுகுவிந்த கொள்வனவும், தேவையற்ற மருந்தைச் சந்தைக்கு வெளியே நிறுத்தும் துணிவும் அதே அளவில் மீளவில்லை.

2022 மார்ச் இறுதியில் பேராதனைப் போதனா வைத்தியசாலை மருந்துத் தட்டுப்பாட்டாற் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை இடைநிறுத்த நேர்ந்தது. அவசர சிகிச்சைகள் மாத்திரம் தொடர்ந்தன. செய்தி வெளியானதும் இந்திய வெளிவிவகார அமைச்சர் உதவியளிக்க முன்வந்தார். பிபிலே பீடாதிபதியாயிருந்த மருத்துவ பீடத்தின் போதனா வைத்தியசாலையிலேயே, அவர் எதிர்கொண்ட அதே செலாவணி நெருக்கடியின் இன்னும் கொடிய வடிவம் வந்து நின்றது. தேவையான மருந்துகளில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இறக்குமதியில் தங்கியிருக்கும் நாட்டில், உச்ச விலைப் பட்டியல் வெறும் அலுமாரிக்கு விலையெழுதும் காரியமாகவே முடிந்தது. அப்போது பட்டணத்தவர் சிலர் தனியார் மருந்துக்கடைகளில் ஏறி இறங்கித் தேடினர். வெளிநாட்டு உறவினர் மூலம் தருவித்தோரும் உண்டு. தோட்டத்தவருக்கு அவ்வாய்ப்புகள் அரிது.

தோட்ட வைத்தியசாலைகளை அரச சேவையுடன் இணைக்கும் முயற்சி 1990களில் தொடங்கி இன்னும் நிறைவுறாது நிற்கின்றது. இணைக்கப்பட்டவற்றிலும் இணைக்கப்படாதவற்றிலும் ஒரு நோயாளிக்கு ஒரு நாள் மருத்துவம் மொத்தமாக என்ன விலை பெறுகின்றது என்பதை, குளிசையின் விலை, பேருந்துக் கட்டணம், இழந்த பேர், துணை வந்தவரின் பேர் என்பவற்றையெல்லாம் சேர்த்துக் கணக்கிடுதல் கடினமான ஆய்வன்று. கலஹா வீதி பேராதனையிலிருந்தே புறப்படுகின்றது. பொருளியற்றுறையும் மருத்துவ பீடமும் இணைந்து ஒரு தவணைக்குள் இக்கணக்கை எடுத்துவிடலாம்.