யார் நாடோடி? பாலைவனத்தில் நிற்கும் வண்டிகளும் ஒரு திரைப்படமும்

க்ளோயி ஜாவோவின் 'நோமேட்லேண்ட்' (2020) வெனிஸில் தங்கச் சிங்கம் வாங்கியது. 2021இல் சிறந்த படம், இயக்குநர், நடிகை என்று மூன்று ஆஸ்கர்களையும் வாங்கியது. நல்ல படம்தான், மறுக்கவில்லை. எதையெல்லாம் விட்டுவிட்டு அது இவ்வளவு நல்ல படமாயிற்று என்பதுதான் என் கேள்வி.

நெவாடாவில் எம்பயர் என்றொரு கம்பெனி ஊர். அங்கிருந்த ஜிப்சம் ஆலை 2011இல் மூடப்பட்டது. ஆலையோடு ஊரும் போயிற்று. அதன் அஞ்சல் குறியீட்டு எண்ணைக்கூட எடுத்துவிட்டார்கள். கணவனையும் வேலையையும் இழந்த ஃபெர்ன் ஒரு வேனில் குடியேறுகிறாள். கிறிஸ்துமஸ் நெரிசலுக்கு அமேசான் கிடங்கு, அது முடிந்ததும் அரிசோனா பாலைவனம், கோடையில் முகாம் மைதானப் பராமரிப்பு, பிறகு சர்க்கரைக் கிழங்கு அறுவடை. படம் இதைப் பருவங்களின் சுழற்சியாகக் காட்டுகிறது. மூலநூலான ஜெசிக்கா ப்ரூடரின் 'நோமேட்லேண்ட்' (2017) இதையே கூலிக் காலண்டராகக் காட்டுகிறது. இரண்டும் ஒன்றல்ல.

நூலின் மையத்தில் இருப்பவர் லிண்டா மே, அறுபதைத் தாண்டிய பெண். கிடங்கில் ஸ்கேனரை ஓயாமல் பிடித்து மணிக்கட்டு போனவர். வலி மாத்திரையைக் கிடங்கிலேயே இலவசமாக வைத்திருப்பதையும் ப்ரூடர் எழுதுகிறார். படத்திலும் லிண்டா மே தானாகவே வருகிறார், ஆனால் அந்த மணிக்கட்டு வரவில்லை. கிடங்கு வேலையில் பணம் நன்றாகக் கிடைக்கிறது என்று ஃபெர்ன் சொல்லிவிட்டுப் போகிறாள். உண்மையான கிடங்கிலேயே படம்பிடிக்க அனுமதி கிடைத்ததையும் இதோடு சேர்த்துத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

பன்னிரண்டு வயதிலிருந்து உழைத்தும் ஓய்வூதியமாக மாதம் ஐந்நூறு டாலர் சொச்சம்தான் என்று லிண்டா மே சொல்லும் காட்சியைப் படம் விடவில்லை. அதற்குரிய மரியாதையைக் கொடுத்தாக வேண்டும். ஆனால் கதையின் கட்டுமானம் வேறொன்றைச் செய்கிறது. ஃபெர்னுக்கு இரண்டு வீடுகள் அழைப்பு வைக்கின்றன: ஒன்று சகோதரியின் வீடு, மற்றது நண்பர் டேவின் மகன் வீடு. இரண்டையும் உதறிவிட்டு அவள் வண்டிக்குத் திரும்புகிறாள். வீடு பறிபோனவள் இப்போது வீட்டை மறுத்தவளாகிவிட்டாள். வெளியேற்றம் தெரிவாக உருமாறும் இடம் இதுதான். 2008 நெருக்கடியில் வங்கிகள் வீடுகளை எடுத்துக்கொண்ட அரசியல், ஒரு கைம்பெண்ணின் துக்கத்துக்குள் கரைந்துபோகிறது.

தமிழில் இது இன்னும் வேடிக்கை. நமக்கு 'வீடு' என்றால் குடியிருப்பும்தான், மோட்சமும்தான். விடுவதிலிருந்து வந்த வீடு. ஃபெர்ன் தனக்குக் குடியிருக்கக் கட்டடம் இல்லையே தவிர அகம் இல்லாதவள் அல்ல என்கிறாள். வீட்டை விட்டவளுக்கு வீடுபேறு என்று நாமும் கண் கலங்கிவிட்டு வெளியே வரலாம். வாடகை கட்ட முடியாதவனுக்கு மோட்சம் கொடுப்பது மலிவான காரியம்.

தெலூஸ்-கத்தாரியைத் தொட்டுக்கொள்ளும் நண்பர்கள் இங்கே குறுக்கிடுவார்கள்: அரசின் கோடுகளுக்கு வெளியே நழுவும் நாடோடியல்லவா இவள்? சரி, 'ஆயிரம் பீடபூமிகள்' (1980) நூலையே எடுத்துக்கொள்வோம். நிலம் கைவிட்டபின் கிளம்புகிறவன் புலம்பெயர்பவன். தன் வெளியை விட்டு அகல மறுப்பவனே நாடோடி என்று அங்கே பிரித்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் எம்பயரிலிருந்து கிளம்பியவள் எப்படி நாடோடி ஆவாள்?

அவள் போய்ச் சேரும் வெளியாவது கோடில்லாததா? குவார்ட்ஸ்சைட் அரிசோனாவின் லா பாஸ் மாவட்டத்தில் இருக்கிறது. கோடையில் சில ஆயிரம் பேர் உள்ள சிற்றூர். குளிர்காலத்தில் சுற்றிலும் வண்டிகளின் கடல். நிலம் மத்திய அரசின் நில நிர்வாகத் துறையுடையது. ஓரிடத்தில் 14 நாள்தான் சும்மா நிற்கலாம். நீண்டநாள் தங்கும் பகுதியில் நிற்க அனுமதிச் சீட்டு வேண்டும். பருவம் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை; பல ஆண்டுகள் அதற்கு 180 டாலர் வாங்கினார்கள். தண்ணீர் பிடிக்க ஓரிடம், கழிவைக் கொட்ட ஓரிடம். இரவில் பனிநிலைக்கு அருகே குளிர் இறங்கும். புரோப்பேன் அடுப்பைப் போட்டால் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தாக வேண்டும், இல்லையென்றால் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும். மூடினால் சாவு, திறந்தால் குளிர். இதில் எங்கே ஐயா நழுவல்? அடுத்த பருவத்து வேலைக்குக் கூலியாட்களைச் செலவில்லாமல் நிறுத்திவைக்கும் முற்றம் அந்தப் பாலைவனம். அவர்களுக்கு வாடகை, மின்சாரம், மருத்துவம் எதையும் முதலாளி தரவேண்டியதில்லை.

அந்த முற்றம் யார் அப்பன் வீட்டு நிலம் என்றும் கேட்க வேண்டும். அதே மாவட்டத்தில் மொஹாவே, செமெஹுவேவி, ஹோபி, நவாஹோ மக்களின் கொலராடோ ஆற்றுப் பழங்குடி ஒதுக்கிடம் இருக்கிறது, 1865இல் ஏற்பட்டது. அங்கே பழங்குடி மன்றம் எதிர்த்தும் கேளாமல், 1942இல் போஸ்டன் முகாம் கட்டப்பட்டது. 17,000க்கும் மேற்பட்ட ஜப்பானிய வம்சாவளியினரை 1945 வரை அங்கே அடைத்துவைத்தார்கள். ஒரே பாலைவனம்: ஒருவருக்கு ஒதுக்கிடம், ஒருவருக்குச் சிறை, ஒருவருக்கு விடுதலை. குவார்ட்ஸ்சைட்டைப் படம்பிடித்த கேமராவுக்கு அந்தி வானம் கிடைத்த அளவுக்கு இந்த வரலாறு கிடைக்கவில்லை. வண்டிவாசிகளில் பெரும்பாலோர் வெள்ளையர் என்பதை ப்ரூடர் கவனிக்கிறார். கண்ட இடத்தில் வண்டியை நிறுத்தித் தூங்கும் ஒரு கறுப்பரின் ஜன்னலை போலீஸ் எப்படித் தட்டும் என்று யோசிக்கவும் செய்கிறார். படம் அந்தப் பக்கம் போகவே இல்லை.

இவ்வளவும் சொன்னபின் ஒரு எதிர்க்கேள்வி எனக்கே எழுகிறது. அந்த மனிதர்களே தங்களைச் சுதந்திரமானவர்கள் என்கிறார்களே, அதைப் பொய்ப்பிரக்ஞை என்று தள்ள நான் யார்? தள்ளவில்லை. பாப் வெல்ஸ் பாலைவனத்தில் ஆண்டுதோறும் கூட்டும் சந்திப்பில் பழையவர் புதியவருக்குச் சூரியத் தகடு மாட்டவும், வாளியில் கழிப்பறை அமைக்கவும், மாட்டிக்கொள்ளாமல் நகரத்தில் தூங்கவும் சொல்லிக்கொடுக்கிறார்கள். இது மக்கள் தாமே சேர்த்த அறிவு. ஒருவர் கையை ஒருவர் பிடிக்கும் ஏற்பாடு. ப்ரூடர் இதையும் எழுதுகிறார், மணிக்கட்டையும் எழுதுகிறார். கண்ணியமும் சுரண்டலும் ஒரே உடம்பில் இருக்க முடியும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. படம் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மங்கலாக்கிவிட்டது.

2024 ஜூன் 28 அன்று கிராண்ட்ஸ் பாஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-3 என்று தீர்ப்பளித்தது: தங்க வேறிடம் இல்லாதவர் பொது இடத்தில் படுத்தாலும் நகராட்சி தண்டிக்கலாம். ஆஸ்கர் மேடையில் நாடோடி என்று கைதட்டல் வாங்கிய அதே உடம்பு, நகரத்துக்குள் வந்து படுத்தால் குற்றவாளி. நம் விமர்சனம் வேலை செய்ய வேண்டிய இடம் இந்த இரண்டு பெயர்களுக்கும் நடுவில்தான். 'நாடோடி' என்ற சொல்லை அடுத்த தடவை யாராவது அழகாகச் சொன்னால், அவருடைய ஏப்ரல் 16ஆம் தேதி எப்படி இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள்.