உறிஞ்சுகுழியும் கரிசல் மண்ணும்

கிராமத்து வீடுகளுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று 2019இல் ஜல் ஜீவன் திட்டம் கணக்கு வைத்தது. குழாயில் வந்த தண்ணீர் புழங்கியபின் எங்கே போகும்? ஊராட்சிகள் பெரும்பாலும் தரும் பதில் உறிஞ்சுகுழி: கல் நிரப்பி, தண்ணீரை மண்ணுக்குள் இறங்கவிடும் குழி. அந்தப் பதில் எந்த ஊருக்குப் பொருந்தும் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர். ஐந்தில் நான்கு பங்கு கழிவாகத் திரும்பும் என்பது பொறியாளர்களின் வழக்கமான கணிப்பு. அது 220 லிட்டர். கழிப்பறைக்குப் போவதைத் தள்ளினாலும் குளியல், துணி, பாத்திரம் என 150 லிட்டராவது தேறும். நீளம், அகலம், ஆழம் எல்லாம் ஒரு மீட்டர் என்று வெட்டிய குழிக்குச் சுவர்ப்பரப்பு 4 சதுர மீட்டர். அடிப்பகுதி சீக்கிரமே வண்டலால் அடைபட்டுவிடும், அதைக் கணக்கில் சேர்க்க முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் 1992ஆம் ஆண்டுக் கையேட்டின்படி ஒரு சதுர மீட்டர் மணல் நாளுக்கு 50 லிட்டர் உறிஞ்சும். இறுகிய களிமண் 10. நனைந்தால் உப்பிக் காய்ந்தால் வெடிக்கும் களி அதற்கும் குறைவு. கரிசல் இந்தக் கடைசி வகை. ஆக, மணற்பாங்கான ஊரில் 200 லிட்டரை விழுங்கும் குழி, கரிசல் பூமியான கோவில்பட்டிப் பக்கம் 40 லிட்டரைக்கூட ஏற்காது. இந்த அளவுகள் கழிப்பறைக் கழிவுநீருக்கு வகுத்தவைதான். ஆனால் சோப்பும் எண்ணெயும் கலந்த அடுப்படித் தண்ணீர் அதைவிட நன்றாக இறங்கும் என்று நம்பக் காரணமில்லை.

நல்ல மண்ணிலும் குழி தானாக உழைக்காது. குழிக்கு முன்னால் உள்ள சிறு தொட்டியில் சோற்றுப் பருக்கையும் தலைமுடியும் எண்ணெய்ப் பிசுக்கும் தங்க வேண்டும். அதை அடிக்கடி அள்ளிப்போட வேண்டும். விட்டால் கற்களுக்கு இடையே கொழகொழவென்று படலம் படிந்து தண்ணீர் மேலே நிற்கும். அப்புறம் கற்களையெல்லாம் வெளியே எடுத்துக் கழுவி, காயவைத்து, மறுபடி அடுக்க வேண்டும். குழி வெட்ட நூறு நாள் வேலையில் கூலி கொடுத்தார்கள். கல் கழுவுவது யார் பொறுப்பு என்று முதலிலேயே எழுதிவைக்காத திட்டம் பாதித் திட்டம்தான்.

இதனால் உறிஞ்சுகுழியே வேண்டாம் என்பது என் வாதமல்ல. செம்மண்ணில், கொல்லை உள்ள வீட்டில், இது மலிவான வழிதான். நாலு வாழை வைக்க இடமிருந்தால் தண்ணீரை அதற்கே விடலாம், குழிகூடத் தேவையில்லை. மோட்டார் வைத்த சுத்திகரிப்பு நிலையமும் சின்ன ஊருக்கு ஆகாது. கரன்ட் பில்லும் ஆள் சம்பளமும் ஊராட்சியை அழுத்திவிடும். கரிசல் ஊர்களுக்கு ஏற்றது, வடிகால் வழியே கொண்டுபோய் ஊருக்கு வெளியே வெயிலில் தேக்கும் ஆழமற்ற குட்டைகள். தண்ணீரை இறங்கவிடாத அதே மண், ஈரம் காயாதவரை அங்கே நல்ல அடித்தளமாகிவிடும். செப்டிக் டேங்க் குழாயை அந்த வடிகாலில் சொருக மட்டும் விடக் கூடாது.

எந்த வழி என்பதை மண்தான் தீர்மானிக்க வேண்டும். ஒரு சிறு குழியை ராத்திரி முழுக்க ஊறவிட்டு, மறுநாள் தண்ணீர் ஊற்றி, அரைமணியில் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோல் வைத்துப் பார்த்தால் போதும். அந்த அளவு கோப்பில் இல்லாமல் எந்த ஊரிலும் உறிஞ்சுகுழிக்கு அனுமதி தரக் கூடாது.