தரங்கம்பாடிக்கு ஒரு டிக்கெட்!

கரண்ட் பில் கட்டத்தான் அன்று மயிலாடுதுறைக்குப் போயிருந்தேன். கட்டிவிட்டு ஊர் திரும்பப் பேருந்து நிலையத்துக்கு வந்தால், தரங்கம்பாடி வழியாகப் பொறையாறு போகும் வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. என்ன தோன்றியதோ, ஓடிப்போய் ஏறிவிட்டேன். "எங்கம்மா போகணும்?" என்றார் கண்டக்டர். "தரங்கம்பாடி ஒண்ணு" என்றேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய ஆளும் வீட்டில் இல்லை.

பக்கவாதம் வந்து ஒன்பது வருடம் கட்டிலோடு இருந்த அம்மா, போன ஐப்பசியில்தான் கண் மூடினாள். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவளைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு என்று பகலெல்லாம் கணக்கு; ராத்திரிக்கு அலாரம். கல்யாணமோ காதுகுத்தோ, மொய்யை எழுதிவிட்டு மணியைப் பார்த்துக்கொண்டே ஓடிவருவேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அம்மாவைக் கடைசிவரை என் கையாலேயே பார்த்துக்கொண்டதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அவள் போய் மூன்று மாதமாகியும், விடியற்காலை நாலு மணிக்குத் தானாக முழிப்பு வந்து, கை பக்கத்துக் கட்டிலைத் துழாவும்.

அப்படியிருந்தவளுக்கு அன்று ஜன்னலோர சீட் கிடைத்தது! தை மாதம். செம்பனார்கோயில் தாண்டியதும் இருபக்கமும் சம்பா அறுவடை. புது வைக்கோல் வாசனை வண்டிக்குள்ளேயே வந்து நிறைந்தது. திருக்கடையூரில் மாலையும் கழுத்துமாக ஒரு எண்பது வயதுத் தம்பதி, சுற்றிலும் பேரன் பேத்திகளோடு சாலையைக் கடந்துபோனார்கள். வண்டிக்குள்ளிருந்தே கும்பிட்டுக்கொண்டேன்.

தரங்கம்பாடியில் இறங்கி, 1792-இல் கட்டிய அந்த வெள்ளை நகரவாயிலுக்குள் நுழைந்தேன். அடடா! அந்த ஒரே தெருவில் முந்நூறு வருடம் வரிசையாக நிற்கிறது. ஒரு பக்கம் 1701-இல் கட்டிய சீயோன் தேவாலயம். சற்றுத் தள்ளி, 1718-இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம். தமிழில் புதிய ஏற்பாட்டை இந்த ஊரிலேயே அச்சடித்துக் கொடுத்த சீகன்பால்கு அதற்குள்தான் அடக்கமாகியிருக்கிறார். எந்த அவசரமும் இல்லாமல், கல்வெட்டுகளை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். நான் பாட்டுக்கு நின்றேன், நான் பாட்டுக்கு நடந்தேன். இதைவிட ஒரு சுகம் உண்டா?

தெருமுனையில் கடல். கடலைப் பார்த்தபடி டேனிஷ் கோட்டை. தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டியது. 1845-இல் ஊரோடு சேர்த்து ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். மேல்தளத்தில் ஏறி நின்றேன் பாருங்கள், காற்று புடவையைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது! கீழே கரையோரம் மாசிலாமணிநாதர் கோயில். பாண்டியர் காலத்தில், 1306-இல் எழுந்தது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சமிருக்கும் இடத்தில் சாமி இன்னும் இருக்கிறார். அந்தக் கோயிலைப் பார்க்கப் பார்க்கக் கண் நிறைந்துவிட்டது.

பசித்தது. சாலையோரம் ஒரு சின்ன மெஸ். தலைவாழை இலையில் ஆவி பறக்கச் சோறு, வஞ்சிரக் குழம்பு, மொறுமொறுவென்று நெத்திலி வறுவல். ஒன்பது வருடமாக அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு, ஆறிப்போன சோற்றை நின்றுகொண்டே அள்ளிப்போட்டுக்கொண்டவள் நான். அன்று சம்மணம் போட்ட மாதிரி நிதானமாக உட்கார்ந்து, ஒரு துண்டு மீனின் முள்ளை எடுக்கவே ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டேன். "அக்கா, இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டா?" என்று கேட்டாள் பரிமாறிய பெண். என்னை யாராவது அப்படிக் கேட்டு எத்தனை நாளாயிற்று! "வை தங்கச்சி, நல்லா வை" என்றேன். தேவாமிர்தம்!

சாப்பிட்டுவிட்டு அலை காலைத் தொடும் இடத்தில் போய் உட்கார்ந்தேன். தம்பியிடமிருந்து போன் வந்தது. "எங்கக்கா இருக்க, ஒரே இரைச்சலா இருக்கு?" "தரங்கம்பாடி கடல்லடா." கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "இருந்துட்டு மெதுவா வாக்கா" என்றான். போனை வைக்கும்போதுதான் அதில் மணி கண்ணில் பட்டது: நாலேகால். பன்னிரண்டு, இரண்டு, நான்கு மூன்றும் போயிருந்தன. ஒருமுறைகூட நான் மணி பார்க்கவில்லை! அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அம்மா இருந்திருந்தால், "போயிட்டு வாடி, வெயில்ல நிக்காத" என்றுதான் சொல்லியிருப்பாள்.

அன்று ராத்திரி வீடு வந்து படுத்தவள், மறுநாள் ஆறு மணிக்குத்தான் எழுந்தேன். செலவெல்லாம் சேர்த்து ஐந்நூறு ரூபாய்கூட ஆகவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கட்டில் இருக்கலாம். அதன் பக்கத்தில் ஒரு அக்காவோ, அண்ணியோ, மருமகளோ இருப்பாள். எனக்குக் கிடைத்தமாதிரி எல்லாம் முடிந்தபிறகு கிடைக்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே, "இன்னைக்கு நான் பார்த்துக்கறேன், நீ எங்கயாவது போயிட்டு வா" என்று சொல்லி, பஸ் ஏற்றிவிடுங்கள்.