மண்வெட்டியும் பெயர்ப்பட்டியலும்

1916 யூலை 19ஆம் நாள் வட பிரான்சிலுள்ள புரொமெல் கிராமத்தருகே தொடங்கிய போரில், ஓர் இரவுக்குள் அவுஸ்திரேலியப் படையினர் 5,533 பேர் மாண்டும் காயமுற்றும் சிறைப்பட்டும் போயினர். மாண்டோரில் ஒரு பகுதியினரை ஜேர்மானியர் காட்டோரக் குழிகளிற் புதைத்தனர். காலப்போக்கில் அக்குழிகள் மறக்கப்பட்டன.

அவற்றைத் தேடத் தூண்டியவர் தளபதியல்லர். மெல்பேர்னைச் சேர்ந்த லாம்பிஸ் எங்லேசோஸ் என்னும் ஆசிரியர். காணாமற்போனோர் பட்டியலையும் கல்லறைக் கணக்கையும் ஒப்பிட்டு, உடல்கள் குறைவதை அவர் சுட்டினார். வான்படங்களும் செஞ்சிலுவை ஏடுகளும் அவர் கூற்றுக்குத் துணைநின்றன. 2007இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத் தொல்லியலாளர் நிலத்தை ஆராய்ந்தனர். 2009இல் 250 உடல்கள் மீட்கப்பட்டன. மரபணுச் சோதனையாற் பலர் தம் பெயரை மீளப்பெற்றனர்.

போற்றத்தக்க பணியே. எனினும் அதன் அடிப்படையை நோக்குவோம். பட்டியல் இருந்தது, ஆதலால் குறைவு தெரிந்தது, ஆதலாலேயே தேடினர். பட்டியலில் எழுதப்படாதவனை எந்தக் கருவி தேடும்?

இவ்வினா கற்பனையன்று. முதலாம் உலகப் போரில் மாண்டோருள் குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைவுகூரப்படவில்லை, அல்லது நினைவுகூரப்படவேயில்லை எனப் பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழுவின் 2021ஆம் ஆண்டு அறிக்கை ஒப்புக்கொண்டது. அவருட் பெரும்பாலார் கிழக்காபிரிக்கரும் எகிப்தியரும். படைக்காகச் சுமை தூக்கி மடிந்த கூலிகளும் அவருள் அடங்குவர். இதனை வெறும் மறதி என்றல் பொருந்தாது. உயிர்களைத் தரம்பிரித்து எழுதிய ஏகாதிபத்தியக் கணக்கு இது.

ஆகவே, தொல்லியலாளன் மண்ணைத் தோண்டுதல் மாத்திரம் போதாது. அந்தக் கணக்கேடுகளையும் தோண்டுதல் வேண்டும்.