அபி (கோலங்கள்)

அபி என்று அழைக்கப்படும் அபிநயா, சன் தொலைக்காட்சியில் 2003 நவம்பர் 24 முதல் 2009 டிசம்பர் 4 வரை ஒளிபரப்பான 'கோலங்கள்' தொடரின் தலைமைக் கதைமாந்தர். தொடரை விகடன் டெலிவிஸ்டாஸ் நிறுவனம் தயாரித்தது. திருச்செல்வம் இயக்கினார். அபியாக நடித்தவர் தேவயானி. ஆறு ஆண்டுகள், 1500-க்கும் மேற்பட்ட அத்தியாயங்கள் என நீண்ட இத்தொடரில் அபி இல்லாத கதைக்கிளை என்று ஒன்றைச் சுட்டுவது கடினம். மணவிலக்குப் பெற்று, சொந்தமாகக் கட்டுமான நிறுவனம் நடத்தும் ஒரு பெண்ணை வாரநாள் இரவுகளில் நடுத்தர வீடுகளின் கூடத்துக்குள் கொண்டுவந்தது இக்கதைமாந்தரின் முதன்மைச் சாதனை. அப்படிப்பட்ட பெண்ணுக்கு எதை அனுமதிக்கலாம், எதை அனுமதிக்கக் கூடாது என்பதில் தொடர் காட்டிய தயக்கமும் அதே அளவுக்குப் பேசப்பட வேண்டியது.

கதையில் அபி

அபி ஒரு நடுத்தரக் குடும்பத்தின் மூத்த மகள். தந்தை வேறொரு பெண்ணுடன் வாழச் சென்றுவிட்டார். தாய் கற்பகத்தையும் (சத்யப்பிரியா) உடன்பிறந்தவர்களையும் அபி தன் சம்பளத்தில் காப்பாற்றுகிறாள். அவளை மணக்கும் பாஸ்கர் (அபிஷேக்) பணத்தாசை கொண்டவன். அந்தத் திருமணம் நிலைக்கவில்லை. பின்னர் சொந்தத் தொழில் தொடங்கி உயரும்போது, தந்தையின் இரண்டாவது குடும்பத்து மகனான ஆதி (அஜய் கபூர்) அவளை அழிக்க முனைகிறான். தோழி உஷாவும் (தீபா வெங்கட்), 'தொல்ஸ்' என்று அழைக்கப்படும் தொல்காப்பியனும் அவளுக்குத் துணை நிற்கிறார்கள். தொல்காப்பியனாக இயக்குநர் திருச்செல்வமே நடித்தார்.

இந்தச் சுருக்கத்தைக் கொண்டு தொடரை மதிப்பிட முடியாது. தொலைக்காட்சித் தொடரின் கதை ஒரு பக்கத்தில் அடங்கும். மீதியெல்லாம் தாமதம். அந்தத் தாமதத்துக்குள் கதைமாந்தர் என்ன ஆகிறார் என்பதில்தான் விமர்சனத்துக்கு வேலை இருக்கிறது.

முன்னோடிகள்

குடும்பத்தைச் சுமக்கும் மூத்த மகள் தமிழில் அபியோடு தோன்றியவள் அல்ல. கே. பாலசந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை' (1974) படத்தில் சுஜாதா நடித்த கவிதா அபியின் நேரடி மூதாதை. அவளுடைய தந்தையும் குடும்பத்தை விட்டுப் போனவர். கவிதாவின் சம்பளத்தில் வீடே உட்கார்ந்து சாப்பிடுகிறது. இறுதியில் தன் திருமணத்தைத் தானே விட்டுக்கொடுத்துவிட்டு மறுபடி வேலைக்குக் கிளம்புகிறாள். படம் அங்கே நின்றுவிடும். கவிதாவின் அடுத்த நாள் எப்படி இருக்கும் என்பதைப் பார்வையாளர் தம் கற்பனையில் தொடர வேண்டும். இரண்டரை மணி நேரப் படம் தலைப்பில் மட்டுமே சொல்ல முடிந்ததைச் சன் தொலைக்காட்சி முப்பது ஆண்டுகள் கழித்து நேர்ப்பொருளிலேயே செய்து காட்டியது. கோலங்கள், கவிதாவின் அடுத்த நாளும் அதற்கடுத்த இரண்டாயிரம் நாட்களும்.

இன்னொரு முன்னோடி அச்சில் இருக்கிறது. தொடரைத் தயாரித்தது ஆனந்த விகடன் இதழை நடத்தும் குழுமத்தைச் சேர்ந்த நிறுவனம். வார இதழ்த் தொடர்கதைகளால் வளர்ந்தது அக்குழுமம். லக்ஷ்மி, சிவசங்கரி, இந்துமதி, வாஸந்தி முதலியோர் எழுதிய குடும்ப நாவல்களில் படித்த பெண், வேலைக்குப் போகும் பெண், கணவனைக் கேள்வி கேட்கும் பெண் எல்லோரும் ஏற்கெனவே வந்துவிட்டார்கள். 'தொடரும்' என்ற சொல்லுக்காக ஒரு வாரம் காத்திருந்த வாசகியின் மகள், மறுநாள் இரவுக்காகக் காத்திருக்கும் பார்வையாளர் ஆனாள்.

தொலைக்காட்சிக்குள் பாதை போட்டவர் ராதிகா. அவர் நடித்த 'சித்தி' (1999-2001), நடுவில் ஒரு பெண்ணை நிறுத்தி நாள்தோறும் கதை சொன்னால் ஊர் அடங்கிக் கேட்கும் என்று காட்டியது. அதற்கு முன் தொடர் என்றால் தூர்தர்ஷன்தான். கொடைக்கானல் மலைமேல் இருந்த அதன் ஒளிபரப்பு நிலையம் தென் மாவட்டங்களின் பெரும்பகுதிக்குப் படம் கொண்டு சென்றது. பாலசந்தரின் 'ரயில் சிநேகம்' போன்ற அக்காலத் தொடர்கள் வாரத்துக்கு ஒருமுறை வந்து, சில வாரங்களில் முடிந்துவிடும். 1993-இல் சன் தொலைக்காட்சி தொடங்கிய பின்னரே நாள்தோறும் வரும் தொடர் வீட்டுப் பழக்கம் ஆயிற்று. திருமுருகன் இயக்கிய 'மெட்டி ஒலி' (2002-2005) ஒரு தந்தையையும் ஐந்து மகள்களையும் வைத்துச் சுமையைப் பகிர்ந்து கொடுத்தது. கோலங்கள் அந்தச் சுமை முழுவதையும் மறுபடி ஒருத்தி தலையில் ஏற்றியது.

தேவயானியின் முகம்

'காதல் கோட்டை' (1996), 'சூர்யவம்சம்' (1997) ஆகிய படங்கள் தேவயானியை அடக்கமான, பிறரை நோகடிக்காத பெண்ணாக நிலைநிறுத்தியிருந்தன. சூர்யவம்சத்தில் அவர் கலெக்டர் ஆகிறார். கணவன் படிக்க வைக்கிறான், மாமனார் வீட்டுப் பகை அதன் மூலம் தீர்கிறது. பெண்ணின் உயர்வு ஆண்களின் மனத்தாங்கலைச் சரிசெய்யும் கருவியாகவே அங்கே வருகிறது. அபியின் உயர்வில் அந்தக் கணவன் இல்லை. பார்வையாளருக்கு அதே முகம்தான், ஆனால் பின்னால் நிற்க வேண்டிய ஆளைக் காணோம். இந்த இடைவெளியைத் தொடர் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது. வேறொரு நடிகை நடித்திருந்தால் அபியின் மணவிலக்கு அன்றைய குடும்பங்களுக்கு மிரட்சியாக இருந்திருக்கலாம். 'இந்தப் பெண்ணே பொறுக்க முடியாமல் வெளியே வந்தாள் என்றால்' என்று நினைக்க வைத்தது தேவயானியின் சாயல்.

அதற்கு விலையும் இருந்தது. அபி கோபப்படும் காட்சிகளில்கூட, கோபத்துக்கு முன்னால் நெடுநேரம் துயரப்பட வேண்டியிருந்தது. முகத்தை மூன்று முறை நெருங்கிக் காட்டி, இடியோசை எழுப்பும் அக்காலத் தொடர் வழக்கத்தில், ஒரு பெண் எண்ணிப் பார்த்து முடிவெடுக்கும் கணமும் அதிர்ச்சியில் உறையும் கணமும் ஒரே மாதிரி தெரியும். அபி யோசிக்கிறாளா அழப்போகிறாளா என்று பலமுறை இசையைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

வேலை

கட்டுமானத் தொழில் தற்செயலான தேர்வாக இருக்க முடியாது. ஆசிரியை, செவிலி, தட்டச்சர் எனப் பெண்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்த வேலைகளை விட்டுவிட்டு, மேஸ்திரிகளும் ஒப்பந்தக்காரர்களும் நிறைந்த துறை ஒன்றில் அபியை முதலாளியாக நிறுத்தியது துணிவான காரியம். ஆனால் அஸ்திவாரம் எப்படிப் போடப்படுகிறது, கடன் எப்படிக் கிடைக்கிறது, கூலி எப்படிக் கொடுக்கப்படுகிறது என்பதையெல்லாம் தொடர் குறைவாகவே காட்டியது. அலுவலகம் பெரும்பாலும் குடும்பச் சண்டை இடம் மாறி நடக்கும் இன்னொரு கூடமாகிவிட்டது. ஒரு பெண் தன் தொழிலில் கெட்டிக்காரி என்பதை மற்ற கதைமாந்தர்கள் சொல்லித்தான் பார்வையாளர் அறிகிறார் என்றால் அது எழுத்தின் குறைபாடு.

இருந்தும் இந்தப் பாதிக் காட்சிக்கே வலு இருந்தது. பழனி மலையின் மேல்தட்டில் இருக்கும் மன்னவனூரையோ பூம்பாறையையோ எடுத்துக்கொண்டால், பூண்டுக் காட்டிலும் உருளைக்கிழங்குக் காட்டிலும் குனிந்து வேலை செய்யும் பெண்களுக்குப் 'பெண் வேலைக்குப் போகிறாள்' என்பதில் புதுமை எதுவும் கிடையாது. அவர்களுடைய பாட்டிகளும் போனவர்கள்தான். நிறுவனத்தின் பெயர் அவள் பெயரில் இருப்பது, காசோலையில் அவள் கையெழுத்து விழுவது, அதை யாரிடமும் கேட்காமல் விழுவது ஆகியவையே புதுமை. வேலைக்குப் போகும் பெண்ணைப் பற்றிய தமிழ்க் கதைகள் பெரும்பாலும் நகரத்து அலுவலகப் பெண்ணை மனத்தில் வைத்தவை. அபி அந்த வட்டத்துக்கு வெளியிலும் சென்று சேர்ந்ததற்குச் சொத்தும் கையெழுத்தும் கதையின் நடுவில் இருந்தது ஒரு காரணம்.

நீளம் என்னும் எதிரி

அபியின் உண்மையான எதிரி ஆதி என்று சொல்வது பாதிதான் சரி. தொடர் நடந்துகொண்டிருக்க வேண்டுமென்றால் அபி எதையும் முடித்துவிடக் கூடாது. அவள் வென்றால் அந்த வெற்றி சில வாரங்களில் கலைய வேண்டும். உடன்பிறந்தவர்கள் அவளைப் புரிந்துகொண்டால் மறுபடி தவறாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஆதியின் கொடூரம் காலப்போக்கில் கூடிக்கொண்டே போனதற்கு அவனுடைய குணத்தைவிட ஒளிபரப்பு நாட்காட்டியே காரணம்.

நெடுந்தொடர்களுக்கு இது தவிர்க்க முடியாத விதியா என்றால், இல்லை. பிரிட்டனில் 1960 டிசம்பரில் தொடங்கி இன்றும் ஓடும் 'காரனேஷன் ஸ்ட்ரீட்' தொடரில் டெய்ட்ரி பார்லோ என்ற பெண் 1972 முதல் 2014 வரை வாழ்ந்தாள். நடித்தவர் ஆன் கிர்க்பிரைட். 1998-இல் ஒரு மோசடிக்காரனின் குற்றத்துக்காக டெய்ட்ரி சிறை செல்லும் கட்டம் வந்தபோது, அவளை விடுவிக்கக் கோரி நாட்டில் இயக்கமே நடந்தது. அன்றைய பிரதமர் டோனி பிளேர்கூட அதில் வாய் திறந்தார். அவளும் அபியைப் போலத் துன்பப்பட்டவள்தான். வேறுபாடு தொடரின் அமைப்பில் இருக்கிறது. அங்கே கதாநாயகி ஒரு தெரு. டெய்ட்ரிக்குத் துயரம் வந்து போனபின் அவள் வாரக்கணக்கில் தேநீர் ஊற்றிக்கொண்டும் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டும் பின்னணியில் இருக்கலாம். கதை பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். அபிக்குப் பக்கத்து வீடு கிடையாது. ஒவ்வொரு கிளைக்கதையும் அவளிடமே திரும்பி வந்ததால் அவளுக்கு ஒரு வாரம்கூட ஓய்வு இல்லை. தமிழ்ப் பெண் பார்வையாளர்கள் அழுகையை விரும்புகிறார்கள் என்று அலட்சியமாகச் சொல்லப்படும் விமர்சனம் இதைக் கவனிப்பதில்லை. ஒருத்தியை மட்டும் நடுவில் நிறுத்தி ஆறு ஆண்டுகள் கதை ஓட்டினால் அவள் அழுதுதான் ஆகவேண்டும். பார்வையாளர் ரசனையை விட்டுவிட்டுக் கதைக் கட்டுமானத்தைக் குறை சொல்லியிருக்கலாம்.

தொல்காப்பியன்

டெய்ட்ரியோடு ஒப்பிட இன்னொரு காரணமும் உண்டு. அவள் நான்கு முறை மணந்தாள். அவற்றில் இரண்டு முறை கென் பார்லோவையே மணந்தாள். அபிக்கு மணவிலக்குக்குப் பின் வாழ்க்கை கிடைத்தது. காதல் கிடைப்பதில்தான் தொடர் திணறியது. தொல்காப்பியன் அவளை மதிப்பவன், அவள் வேலையைத் தன் வேலையாக நினைப்பவன், பாஸ்கரிடம் இல்லாத எல்லாம் உள்ளவன். பார்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைத் தொடரின் பெரும்பகுதி நட்பு என்ற சொல்லுக்குள் அடைத்து வைத்தது. ஆணும் பெண்ணும் நண்பர்களாக இருக்கலாம் என்பதை நாள்தோறும் காட்டியது அக்காலத்தில் சிறிய விஷயமல்ல, அதை மறுக்க வேண்டியதும் இல்லை. ஆனால் அந்த நட்பின் தூய்மையை மற்றவர்கள் சந்தேகிப்பதும், அபி அதை நிரூபிப்பதும் திரும்பத் திரும்ப வந்தபோது, தொடர் யாருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது என்ற கேள்வி எழுகிறது. மணவிலக்குப் பெற்றவளை ஏற்றுக்கொண்ட வீடுகள் அவள் மறுபடி ஒருவனை விரும்புவதை ஏற்குமா என்று தயாரிப்பாளர்கள் அஞ்சியதாகத் தோன்றுகிறது. அந்த அச்சம் பார்வையாளரைக் குறைத்து மதிப்பிட்டது. 1974-இல் கவிதாவின் கழுத்தில் ஏறாத தாலி, 2000-களிலும் வேறொரு வழியில் அதே இடத்திலேயே தொங்கியது.

பிற்காலத் தாக்கம்

2022 பிப்ரவரியில் திருச்செல்வம் சன் தொலைக்காட்சியில் 'எதிர்நீச்சல்' தொடரைத் தொடங்கினார். வில்லனின் பெயர் மறுபடி ஆதி, ஆதி குணசேகரன். எதிரில் நிற்கும் பெண் இம்முறை ஒருத்தி இல்லை. குணசேகரனின் மனைவி ஈஸ்வரி, தம்பி மனைவியர் ரேணுகா, நந்தினி, ஜனனி என ஒரே வீட்டின் நான்கு மருமகள்கள். ஒருத்தி தளரும்போது இன்னொருத்தி பேசுகிறாள். அடுக்களையில் அவர்கள் கூடி நின்று பேசும் காட்சிகளில் நகைச்சுவைக்கும் இடம் கிடைத்தது. அபியின் கதையில் அது அரிது. சிரிக்க வேண்டுமானால் பக்கத்தில் ஆள் வேண்டும். கோலங்களின் கட்டுமானக் குறையை அதன் இயக்குநரே பதின்மூன்று ஆண்டுகள் கழித்துத் திருத்தி எழுதியது போல இத்தொடர் இருந்தது.

அந்தத் திருத்தம் வேறொரு சிக்கலில் முடிந்தது. குணசேகரனாக நடித்த ஜி. மாரிமுத்துவின் உடல்மொழியும் பேச்சும் சமூக ஊடகங்களில் மிகப் பரவலாகி, பெண்களை அடக்கும் அந்த ஆளே தொடரின் அடையாளமானார். 2023 செப்டம்பர் 8-இல் மாரிமுத்து மறைந்தபோது, குணசேகரன் இல்லாமல் தொடர் எப்படி நடக்கும் என்பதே எல்லோருடைய கேள்வியாகவும் இருந்தது. அப்பாத்திரத்துக்கு எழுத்தாளரும் நடிகருமான வேல ராமமூர்த்தி வந்தார். தொடர் 2024 ஜூனில் முடிந்தது. கோலங்கள் ஓடிய ஆறு ஆண்டுகளில் ஆதியை எவ்வளவு வெறுத்தாலும், அபி நாளைக்கு என்ன செய்வாள் என்பதுதான் வீடுகளில் பேச்சாக இருந்தது.